கல்லு ஜிலேபியின் தொண்டை எலும்பு

ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் என்றால் என் கடைதான். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தாம்பரம் மார்க்கெட்டில் அடுத்தவன் கூடையைத் தலையில் சுமந்தவன். இன்று மூன்று மாடி வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் கடையில் யார் எந்த மீனைக் கேட்டாலும் மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலுக்கே போய்விடும். கல்யாண வீட்டுக்கு வஞ்சிரம் கேட்டால் வஞ்சிரம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா கேட்டால் பால் சுறா. இல்லை என்று சொல்லி ஒரு ஆளைத் திருப்பி அனுப்பியதில்லை.

அப்படிப்பட்ட என்னால், என் மனைவி படுக்கையில் விழுந்து கடைசியாகக் கேட்ட மீனை அவளுக்குக் கொடுக்க முடியவில்லை. அது கடல் மீன் இல்லை, விலை கூடிய மீனும் இல்லை. ஜிலேபி. ஏரியில் கிடக்கிற, கையில் காசில்லாதவன் வாங்கித் தின்கிற ஜிலேபி மீன். அது ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஏரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்பதுகளில் ஒரு கோடை. மழை பொய்த்து எங்கள் ஏரி அடிமண் வெடித்துக் கிடந்தது. பையன்கள் அதற்குள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். அடுத்த மழையில் ஏரி நிரம்பியதும் அதில் மீன் பிடிக்கிற உரிமை, மீன்பாசிக் குத்தகை என்பார்கள், ஏலத்துக்கு வந்தது. வெடித்துக் கிடந்த ஏரியில் மீன் ஏது என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டு நின்றார்கள். நான் யோசிக்கவில்லை. ஏலத்தை எடுத்தேன். ஒரு மீன் பண்ணையில் ஒரே தொட்டியில் இருந்த ஜிலேபிக் குஞ்சுகளை அலுமினியக் குடங்களில் வாங்கி வந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி நானே விட்டேன். அந்த ஏரியில் அதற்குப் பிறகு துள்ளிய ஜிலேபி ஒவ்வொன்றும் நான் விட்டதன் பிள்ளை, பேரப்பிள்ளை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ஏரியின் கிழக்குக் கரை முழுக்கக் கருங்கல் பதித்தது. கல் இடுக்குகளில் நத்தை அப்பிக் கிடக்கும். நடுவில் ஆழம், பாசியால் பச்சையாக இருக்கும். மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்ச் சேரும். நான் தெர்மாகோல் தெப்பத்தில் போய் நடு ஏரியில் வலை கட்டுவேன். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், கல் கரையில் நின்று வீச்சு வலை போடுவார். அவருக்குத் தெப்பம் ஆகாது, தலை சுற்றும். அதனால் இரண்டு பேரும் ஒரு ஏரியில் ஆளுக்கொரு பக்கம்.

கடையில் மீன் ஆய்வது என் மனைவி. அரிவாள்மனைக்கு முன்னால் அவள் உட்கார்ந்தால் எதிரே நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்ப்பார்கள். வீட்டில் குழம்பு வைத்தால் அவளுக்குத் தலை மட்டும் போதும். எனக்கும் எங்கள் பையன்கள் இரண்டு பேருக்கும் நடுத்துண்டு. பையன்கள் தலையைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். அவள் எல்லார் தலையையும் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் உறிஞ்சி உறிஞ்சித் தின்பாள். ஒரு நாள் அப்படித் தின்றுகொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“யோவ், இங்க வா. இது இன்னான்னு பாரு.”

தட்டின் ஓரத்தில் சின்னதாக முக்கோணமாக இரண்டு எலும்புகள் வைத்திருந்தாள்.

“முள்ளு,” என்றேன்.

“முள்ளாம். பெரிய மீன் யாவாரி இவரு. தொட்டுப் பாருயா.”

தொட்டுப் பார்த்தேன். ஜிலேபிக்குத் தொண்டைக்குள்ளே ஒரு எலும்பு உண்டு, அதன்மேல் பல் இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரு எலும்பில் பல் கேழ்வரகு மணிகளைப் பதித்த மாதிரி மழுங்கலாக, கெட்டியாக இருந்தது. இன்னொன்றில் பழைய டூத் பிரஷ் மாதிரி மயிர்மயிராக இருந்தது.

“இந்தக் கேவுரு பல்லு எங்க அண்ணன் வலையில வந்தது. இந்த மயிரு பல்லு உன் வலையில வந்தது. ரெண்டும் ஒரே மீனு இல்ல.”

“நான் வுட்ட குஞ்சுதாம்மே அல்லாம். ஒரே தொட்டி.”

“தொட்டி ஒண்ணா இருந்தா? வாயி வேற கீதே.”

மறுநாள் கடையில் வைத்து இரண்டு மீனையும் எனக்கு முன்னால் அறுத்துக் காட்டினாள். கல் கரை மீனின் குடல் குட்டை. அதற்குள் நத்தை ஓட்டுத் தூள், அரிவாள்மனையில் நறநறவென்று கேட்டது. நடு ஏரி மீனின் குடல் நீளம், சுருள் சுருளாக, உள்ளே பச்சைக் குழம்பு. சொன்ன பிறகு பார்த்தால் மேலுக்கும் வித்தியாசம் தெரிந்தது. கரை மீன் கறுப்பு, தடித்த உதடு, அகலத் தலை. நடு மீன் வெளுப்பு, சின்ன வாய், மெல்லிய உடம்பு. அவளே பெயரும் வைத்தாள். கல்லு ஜிலேபி, பாசி ஜிலேபி.

நான் விடுவேனா? மீனுக்கு ஏரியில் வேலியா போட்டிருக்கிறது, இன்றைக்குக் கரையில் தின்னும், நாளைக்கு நடுவில் தின்னும் என்று வாதாடினேன். மச்சானுக்கு அது பொறுக்கவில்லை.

“பந்தயம் வெக்கலாமா மச்சான்?” என்றார். “புடிச்ச மீனுல வாலை லேசா நறுக்கி வுடுவோம். கரை மீனுக்கு மேல் வாலு, நடு மீனுக்குக் கீழ் வாலு. அப்புறம் எது எங்க மாட்டுதுன்னு பாப்போம்.”

“தோத்தா?”

“தோத்தவன் கெலிச்சவன் கூடைய மார்க்கெட்டு ஃபுல்லா தலையில தூக்கிக்கினு வரணும்.”

கூடை சுமப்பதை விட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான் என்பது தெரிந்துதான் அப்படிச் சொன்னார். ஒத்துக்கொண்டேன். அவர் கத்தரிக்கோலால் நறுக்கி நறுக்கி விட்டார். அந்த மழைக்காலம் முடியும்வரை இரண்டு வலையையும் பார்த்தோம். மேல் வால் நறுக்கினது என் வலையில் வரவே இல்லை. கீழ் வால் நறுக்கினது அவர் வலையில் வந்தது ஒன்றோ இரண்டோ, அதுவும் சீக்குப் பிடித்தது.

தாம்பரம் மார்க்கெட்டில் மச்சான் கூடையைத் தலையில் தூக்கினேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்தார். எங்கள் வாடிக்கைக்காரி ஒரு டீச்சர், கத்தோலிக்கக் குடும்பம், எதிரே வந்தவர் நின்றுவிட்டார்.

“என்ன அண்ணா, பழைய வேலைக்கே போயிட்டீங்களா?”

“பந்தயம் டீச்சர். மீனுகிட்ட தோத்துட்டேன்.”

“மீன் கிட்டயா, அக்கா கிட்டயா?”

பின்னால் வந்த என் மனைவி சிரித்த சிரிப்பில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வயதிலும் கூடையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் சட்டையில் வழியவில்லை. தொழில் கற்ற கழுத்து அது.

அன்றிலிருந்து கடையில் இரண்டு குவியல். வெள்ளிக்கிழமை மற்ற மீன் கடைகள் ஈயோட்டும், இந்துக்கள் கவிச்சி தொட மாட்டார்கள். எனக்கு வெள்ளிக்கிழமையும் வியாபாரம் உண்டு. கத்தோலிக்க வீடுகளில் அன்றைக்குக் கறி கிடையாது, மீன் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர்மார்கள் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். “அண்ணா, கல்லு மீன் இருக்கா? பாசி மீன் வேணாம், மண்ணு வாடை அடிக்குது” என்பார்கள். ஜிலேபியில் ரகம் பிரித்து விற்றவன் மெட்ராசிலேயே நான் ஒருத்தன்தான்.

தொண்ணூறுகள் பிறந்ததும் ஏரியைச் சுற்றி மனை போட்டார்கள். கரையை அகலமாக்கி வண்டி போகப் பாதை வந்தது. வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லும் காரையும் கல் கரையின் உள்பக்கம் சரிந்து, பதித்த கல்லெல்லாம் நத்தையோடு மூடிப்போயிற்று. வீடுகளின் கழிவுத் தண்ணீரும் ஏரிக்குள் வந்தது. தண்ணீர் கீரைச் சாறு மாதிரி பச்சையானது. பாசி ஜிலேபி பெருகிப் பெருகி என் வலை தூக்க முடியாத கனம் கனத்தது. நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

மச்சான் வலை காலியாக வர ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் ஒற்றை மீனோடு கடைக்கு வந்து அதைத் தங்கச்சி முன்னால் வைத்தார். கல்லு ஜிலேபிதான். ஆனால் தலை மட்டும் பெரிதாக, உடம்பு வற்றி, வயிறு கத்தி முனை மாதிரி ஒட்டிக் கிடந்தது. என் மனைவி அறுத்தாள். குடலுக்குள் ஒன்றுமே இல்லை.

“சுத்தி சோறு கீது, இது பட்டினி கெடக்குது பாரு,” என்றாள்.

“பாசிய துன்ன வேண்டியதுதான? கொழுப்பு,” என்றேன்.

“நத்தைய ஒடச்ச வாயிக்குப் பாசி எப்பிடி நிக்கும்? சல்லடையில தண்ணி மொள்ற மாதிரிதான்.” கொஞ்ச நேரம் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “எதுனா பண்ணுயா. ஊர்ல உனக்கு முடியாதது இன்னா கீது?”

அவள் அதைக் கிண்டலாகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் உண்மையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊரப்பாக்கம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. மழைத் தண்ணீர் தேங்கி ஒரு குளம் மாதிரி ஆகிவிட்டது. போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் படிப்படியாகப் பாறை, பாறை முழுக்க நத்தை. கல்லு ஜிலேபிக்கு இதைவிட நல்ல வீடு எது? மச்சான் பல நாள் வலை வீசி, மிஞ்சியிருந்ததில் தேறியவற்றைப் பிடித்துத் தொட்டியில் சேர்த்தார். ஒரு டெம்போவில் டிரம்மை ஏற்றி ஜி.எஸ்.டி. ரோட்டில் கொண்டுபோனோம். மூச்சு முட்டாமல் இருக்க மச்சான் வழி முழுக்கக் கையால் தண்ணீரை அடித்துக்கொண்டே வந்தார். வண்டலூர் தாண்டி ரயில்வே கேட்டில் நின்றபோது ஸ்கூட்டர்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“உசுரு மீனா? எவ்ளோ சார்?”

“விக்கிறதுக்கு இல்ல சார்,” என்றார் மச்சான். “வூடு மாத்திக்கினு போறோம்.”

குவாரித் தண்ணீரில் விட்டதும் அவை கொஞ்ச நேரம் ஓரத்திலேயே மிதந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பாறைப் பக்கம் திரும்பின. அதைப் பார்த்துவிட்டு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் பாராட்டிச் சொல்கிற ரகம் கிடையாது. அன்றைக்கு மட்டும் “பரவால்ல” என்றாள்.

அந்த மீனை நான் கவனித்துக்கொண்ட மாதிரி எவனும் கவனித்திருக்க மாட்டான். வாரம் தவறாமல் ஒரு மூட்டை தவிடு, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. பட்டினி கிடந்து வந்த மீன் அல்லவா, என் கையில் இருக்கும்போது அது ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்ற எண்ணம். என் செருப்புச் சத்தம் கேட்டாலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி மேலே வந்து வாயைத் திறக்கும். குஞ்சு வைத்தன, குஞ்சுகள் பெரிதாகி அவையும் குஞ்சு வைத்தன. நான் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை, யாரையும் பிடிக்க விடவுமில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் எங்கள் ஏரித் தண்ணீர் நாறிப்போனது. குத்தகையை விட்டுவிட்டுக் கடல் மீனுக்கு மாறி, பெரிய ஐஸ் பெட்டி வாங்கி, கடையை இரண்டு ஷட்டர் ஆக்கினேன். மச்சான் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் ஆனார். பேன்ட் சட்டையில் அவரைப் பார்த்து என் மனைவி நாள் முழுக்கச் சிரித்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வலியை ரொம்ப நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள். பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். எத்தனை செலவானாலும் சரி என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்.

ஆசைப்பட்டதைத்தானே, அது என் தொழில். வஞ்சிரம் வறுத்து வைத்தேன். நெத்திலி வைத்தேன். காசிமேட்டுக்கு ஆள் அனுப்பிச் சங்கரா எடுத்து வந்தேன். எதையும் தொடவில்லை, வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் வந்து கட்டிலருகே உட்கார்ந்து ஜெபம் செய்தார். பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டப் பார்த்தார்.

“அக்கா, உங்களுக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லுங்களேன்.”

“மீன்காரன் பொண்டாட்டிக்கு ரொட்டி குடுக்கிறீங்களே டீச்சர்,” என்றாள் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினாள். “கல்லு ஜிலேபி கெடைக்குமாயா? மாங்கா போட்டு. தலை மட்டும் போதும்.”

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? பல வாரமாக அவள் கேட்ட முதல் பொருள். அது இந்த ஊரில் எவனிடமும் இல்லை, என்னிடம் இருக்கிறது. இதற்காகத்தானே வைத்திருந்தேன். “நாளைக்கு மத்தியானம் உன் தட்டுல இருக்கும்,” என்றேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணா சொன்னா செஞ்சிடுவார் அக்கா,” என்றார்.

மச்சான் லீவு சொல்லிவிட்டுப் பழைய வீச்சு வலையைத் தூசி தட்டி எடுத்து வந்தார். குவாரிக்குப் போனோம். என் செருப்புச் சத்தத்துக்கு மீன்கள் மேலே வந்தன. ஒரே வீச்சில் வலை நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றும் கொழுத்து, பளபளவென்று இருந்தது. கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. தண்ணீர் வாகு என்று நினைத்துக்கொண்டேன். மச்சான் ஒன்றைக் கையில் எடுத்துக் கட்டை விரலால் அதன் வாயைத் திறந்து பார்த்தார். உதட்டைத் தடவினார்.

“மச்சான், இது...” என்று என்னைப் பார்த்தார்.

“இன்னா?”

“ஒண்ணுமில்ல. வா, நேரமாவுது.”

வீட்டில் அவர் ஆய்ந்து கொடுத்தார். பையன்களை அடுப்பங்கரைக்கு வெளியே அனுப்பிவிட்டு நானே குழம்பு வைத்தேன். புளி கரைத்து, மிளகாய்த்தூள் கொதித்து அடங்கியதும் மாங்காய் போட்டு, கடைசியில் மீன் போட்டு, கரண்டி படாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றி இறக்கினேன். என் கைக் குழம்பு அன்றைக்கு வந்த மாதிரி என்றைக்கும் வந்ததில்லை.

தலையணை வைத்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்தோம். ஒரு தலையை எடுத்தாள். அந்தப் பழைய மாதிரியே, அவசரமில்லாமல் உறிஞ்சினாள். நானும் மச்சானும் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கன்னம் அசைவது நின்றது. நாக்கால் எதையோ தள்ளி விரலில் எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்தாள். குனிந்து பார்த்தாள்.

“யோவ். இது பாசி மீனு.”

“இன்னாமே சொல்றே? ஊரப்பாக்கத்துல நம்ம வுட்டது. தாய் மீனை இந்தக் கையாலதான் தூக்கிக்கினு போயி வுட்டேன். உங்க அண்ணனையே கேளு.”

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாயி அதுதான்யா, யாரு இல்லேன்னா? துன்னது வேற. துன்றதுக்குத் தக்கனதான் பல்லு.”

“அங்க நத்தை கீது. பாறை பூரா நத்தை.”

“கீதில்ல? அப்புறம் ஏன் துன்னல? நீ இன்னா போட்டே அதுக்கு?”

சொன்னேன். தவிடு. கடலைப் புண்ணாக்கு. வாரம் தவறாமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலிக்கும். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “ஒக்காந்த எடத்துல சோறு வந்தா எவன்யா நத்தைய ஒடச்சிக்கினு இருப்பான்?” என்றாள்.

அந்த எலும்பை எடுத்துப் பார்த்தேன். மயிர்மயிராக இருந்தது.  அதைக் கையில் வைத்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தது அவளுக்கே தாங்கவில்லை போலிருக்கிறது.

“குழம்பு நல்லா கீது,” என்றாள். “உப்புதான் கம்மி.” இன்னொரு தலையை எடுத்துக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு, முடியாமல் வைத்துவிட்டாள்.

“இனிமே தவுடு போடல,” என்றேன். “சின்னக் குஞ்சா கீறதெல்லாம் நத்தைய கடிச்சே வளரட்டும். வர்ற மழைக்கு வளந்துரும். அப்ப புடிச்சாந்து தரேன் பாரு, கேவுரு பல்லோட.”

“வர்ற மழைக்கா?” என்றாள்.  கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டே, “போடாத. பாவம்னு நெனச்சிக் கொஞ்சமா போட்டுடாத. உன்னைப் பத்தித் தெரியும்,” என்றாள்.

மறுநாளே குவாரிக்குப் போனேன், வெறுங்கையோடு. செருப்புச் சத்தம் கேட்டு மீன்கள் வந்தன. வரிசை வரிசையாக வாயைத் திறந்து மூடின. நான் கையை விரித்துக் காட்டினேன், மீனுக்கு என்ன தெரியும்? தண்ணீருக்குள்ளே பாறையில் நத்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, எவரும் தொடாமல். இத்தனை வருடம் வாரா வாரம் அங்கே போயிருக்கிறேன். அந்த நத்தைகள் குறையவே இல்லை என்பது ஒரு நாளாவது என் கண்ணில் பட்டிருக்க வேண்டாமா?

கேழ்வரகுப் பல்லோடு ஒரு கிழ மீனாவது மிஞ்சியிருக்காதா என்று மச்சான் இரண்டு நாள் அந்தப் பாறை ஓரத்தில் வலை போட்டார். முதலில் கொண்டுவிட்ட மீன் ஒன்றும் மாட்டவில்லை. அவற்றின் காலம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. ஏரிக்கும் போய் ஒரு முறை வலை வீசினார். வலையில் பிளாஸ்டிக் பையும் பாசி மீனும் வந்தன. வேறு எங்கே தேடுவது? பள்ளிக்கரணைப் பக்கம் ஆள் விட்டேன். செங்கல்பட்டு வரைக்கும் சொல்லி வைத்தேன். ஜிலேபி என்று சொன்னால் எவனும் கொண்டுவருவான். நத்தை தின்ற ஜிலேபி என்று சொன்னால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அந்த வருஷம் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவள் போய்விட்டாள். கடையில் அன்றைக்கு ஐஸ் உடைத்து மீன் பரப்பியாகிவிட்டது. டீச்சர்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வந்து, அரிவாள்மனையை எடுத்து உள்ளே வைத்து, ஷட்டரை இழுத்துச் சாத்தச் சொன்னார். மச்சான் வாட்ச்மேன் உடுப்போடு ஓடி வந்தவர், கடைசி வரை அதைக் கழற்றவில்லை.

தவிட்டை நான் போடவே இல்லை. அது லேசான காரியம் இல்லை. ரொம்ப நாள் அந்த மீன்கள் என் காலடிக்கு வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. சில செத்து மிதந்தன. பெரியவை இளைத்து, தலை பெருத்துத் தெரிந்தபோது, மச்சான் அன்றைக்கு ஏரியிலிருந்து கொண்டுவந்த ஒற்றை மீன் நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்து ஒரு படி தவிடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். குவாரி ஓரம் வரை போய், அவள் சொன்னதை நினைத்து, அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு மழை போய் அடுத்த மழையும் வந்தது. என் செருப்புச் சத்தத்துக்கு மீன் வருவது நின்றது. பாறை ஓரத்தில் சின்ன மீன்கள் கூட்டமாகக் கல்லைக் கொத்திக்கொண்டு நின்றன. கறுத்துத் தெரிந்தன. இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

அவை வளர்ந்த பிறகு ஒரு நாள் மச்சானை அழைத்துப்போய் ஒன்றே ஒன்றைப் பிடித்தேன். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக நானே தலையைத் தின்றேன். எனக்குத் தின்னத் தெரியவில்லை, இரண்டு இடத்தில் முள் குத்திவிட்டது. தொண்டை எலும்பை விரலால் நோண்டி எடுத்துத் தண்ணீரில் கழுவி, தட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன்.

கேழ்வரகு மணி மாதிரியும் இல்லை, பிரஷ் மாதிரியும் இல்லை. சில பல் தடித்து மழுங்கியிருந்தது, சில பல் மயிராகவே இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆயிரம் வகை மீன் விற்றவன் நான், இருட்டில் தொட்டே மீன் பெயர் சொல்லுவேன். இது கல்லு மீனா, பாசி மீனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மச்சானிடம் நீட்டினேன். அவரும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என் தங்கச்சியதான் கேக்கணும்,” என்று சொல்லி எலும்பைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

 பெரிய பையன் வந்து தட்டை எடுக்கக் கை நீட்டினான்.

“இருடா,” என்றேன். “அது கொஞ்ச நேரம் அப்பிடியே கெடக்கட்டும்.”